நாட்டு வருமானத்தில் மருத்துவத்துக்கு எத்தனை விழுக்காடு? பொதுச் சுகாதாரச் செலவை ஒப்பிடுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவத்துக்குச் செலவிடும் தொகையை ரூபாயிலோ டாலரிலோ சொல்லாமல், ஏன் நாட்டு வருமானத்தின் விழுக்காடாகச் சொல்கிறார்கள்?

இந்தியாவின் மத்திய, மாநில, உள்ளாட்சி அமைப்புகள் எல்லாம் சேர்ந்து 2021-22இல் மருத்துவத்துக்குச் செலவிட்ட தொகை 4,34,163 கோடி ரூபாய். இந்த எண்ணைப் பார்த்து அது அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. 140 கோடி மக்களுக்கான செலவு அது. அதை இரண்டு கோடிப் பேர் வாழும் இலங்கையின் செலவுக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தப் பொருளும் கிடைக்காது. தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தாலும், பணக்கார நாட்டில் ஒரு செவிலியரின் ஊதியமே பல மடங்கு என்பதால், ஒப்பீடு அரைகுறையாகவே நிற்கும். அதனால்தான் ஒரு நாடு ஓராண்டில் ஈட்டியதில், அதாவது அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், எத்தனை பங்கை அரசு தன் மக்களின் உடல்நலத்துக்கென்று ஒதுக்கி வைத்தது என்று கேட்கிறோம். ஏழைக் குடும்பமும் வசதியான குடும்பமும் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடும் தொகைகள் வேறுவேறாக இருக்கலாம்; வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் அந்த வீட்டார் படிப்புக்குக் கொடுக்கும் இடம் தெரிந்துவிடும். இதுவும் அதே கணக்குதான்.

இந்த விழுக்காடு முயற்சியின் அளவை மட்டுமே சொல்லும். அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்பது தனிக் கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன்.

‘பொதுச் செலவு’ என்பதில் எதெல்லாம் சேரும், எதெல்லாம் சேராது?

ஓர் ஆளை எடுத்துக்கொண்டு பார்ப்பது எளிது. ஈரோட்டுப் பக்கம் விசைத்தறியில் வேலை செய்யும் ஒருவருக்கு நெஞ்சுவலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 108 ஆம்புலன்ஸ் வருகிறது. அரசு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பிறகு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டி ஒரு தனியார் மருத்துவமனையில் இரத்தக்குழாய் அடைப்பு நீக்கப்படுகிறது. ஆம்புலன்ஸ் செலவு, அரசு மருத்துவரின் ஊதியம், காப்பீட்டுக்காக அரசு கட்டிய தொகை ஆகிய மூன்றும் பொதுச் செலவில் சேரும். சிகிச்சை தனியார் கட்டடத்தில் நடந்தது என்பது இங்கே ஒரு பொருட்டில்லை. பணம் யாருடையது என்பதே கேள்வி. காப்பீட்டில் அடங்காத சோதனைக்கு மனைவி கையிலிருந்து கட்டிய தொகையும், வீடு திரும்பிய பின் மருந்துக் கடையில் மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளும் மக்களின் சொந்தக் கைச்செலவில் சேரும். அவர் தறிக்குப் போகாத நாற்பது நாள் கூலி எந்தக் கணக்கிலும் சேராது. அந்த நாற்பது நாளும் அவரைப் பார்த்துக்கொண்ட மகளின் உழைப்பும் சேராது. இந்தக் கணக்குகளை நான் மதிக்கிறேன். ஆனாலும் எந்த அட்டவணையைப் பார்க்கும்போதும் இந்தக் கடைசி இரண்டையும் மறப்பதற்கில்லை.

நாடுகள் எல்லாம் ஒரே முறையில் கணக்கெழுத வேண்டும் என்பதற்காக, உலக சுகாதார நிறுவனமும், பெரும்பாலும் பணக்கார நாடுகள் உறுப்பினராக உள்ள ஓஇசிடி அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமும் சேர்ந்து ஒரு கணக்கியல் முறையை வகுத்திருக்கின்றன. இப்போது புழக்கத்தில் இருப்பது அதன் 2011ஆம் ஆண்டு வடிவம். அதன்படி, சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட சமூகக் காப்பீட்டுச் சந்தாவும் பொதுச் செலவின் பக்கம் வரும். 1883இல் தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த ஜெர்மனியில் இன்றும் பெரும்பகுதிப் பணம் இந்தச் சந்தா வழியாகத்தான் வருகிறது. வரிப்பணத்தை மட்டும் எண்ணினால் அந்த நாடு மருத்துவத்தைக் கைவிட்டுவிட்டது போலத் தோன்றும். வெளிநாட்டு உதவி ‘உள்நாட்டு அரசுச் செலவு’ என்ற தலைப்பில் வராது. ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிப் பேசும்போது இது மிக முக்கியம்.

குடிநீர், கழிப்பறைத் திட்டங்களும் மருத்துவச் செலவுதானே?

அவை நோயைத் தடுக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் மேற்சொன்ன கணக்கியல் முறை அவற்றை மருத்துவச் செலவாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தியாவின் தேசிய சுகாதாரக் கணக்குகளும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த எல்லையைக் கவனிக்காவிட்டால் எவ்வளவு பெரிய குழப்பம் நேரும் என்பதற்கு 2021-22ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கையே போதும்.

‘உடல்நலமும் நல்வாழ்வும்’ என்ற தலைப்பில் 2,23,846 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டதாகவும், முந்தைய ஆண்டின் 94,452 கோடியோடு ஒப்பிட்டால் இது 137 விழுக்காடு உயர்வு என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகையைப் பிரித்தால் இப்படி வருகிறது: சுகாதாரத் துறைக்கு 71,269 கோடி, மருத்துவ ஆராய்ச்சிக்கு 2,663 கோடி, ஆயுஷ் துறைக்கு 2,970 கோடி, கொரோனா தடுப்பூசிக்கு 35,000 கோடி, குடிநீர் மற்றும் துப்புரவுத் துறைக்கு 60,030 கோடி, ஊட்டச்சத்துக்கு 2,700 கோடி, நிதிக்குழுவின் பரிந்துரைப்படி குடிநீர் மற்றும் துப்புரவுக்கு 36,022 கோடி, அதே வழியில் சுகாதாரத்துக்கு 13,192 கோடி. குடிநீரும் துப்புரவும் மட்டுமே 96,052 கோடி. மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். தடுப்பூசிக்கான தொகை அந்த ஓராண்டின் தேவைக்கானது. இதில் எந்த எண்ணும் பொய்யில்லை. ஒவ்வொரு செலவும் தேவையானதே. ஆனால் இந்த 2,23,846 கோடியை எடுத்து, குடிநீரைச் சேர்க்காத தாய்லாந்தின் எண்ணோடு ஒப்பிட்டால் அது தவறான ஒப்பீடு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நிதிநிலை அறிக்கையில் வருவது மதிப்பீடு; ஆண்டின் நடுவில் திருத்திய மதிப்பீடு வரும்; உண்மையில் செலவானது எவ்வளவு என்பது அதற்கும் பிறகுதான் தெரியும். ஒரு நாட்டின் மதிப்பீட்டை இன்னொரு நாட்டின் உண்மைச் செலவோடு வைத்துப் பேசுவதைத் தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரே நாட்டுக்கு இரண்டு இடங்களில் இரண்டு எண்கள் இருக்கின்றனவே, எது சரி?

பெரும்பாலும் இரண்டும் சரியாகவே இருக்கும். கேட்கப்பட்ட கேள்வி வேறாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைகள் வழக்கமாக நடப்புச் செலவை மட்டும் எடுத்துக்கொள்கின்றன: புதிய கட்டடம், பெருங்கருவிகள் போன்ற மூலதனச் செலவு அதில் இல்லை. இந்தியாவின் தேசியக் கணக்குகளில் முன்னே வைக்கப்படும் எண்ணில் மூலதனச் செலவும் உண்டு. ஆகவே இந்தியாவுக்கு தில்லியின் வெளியீட்டிலிருந்தும், வியத்நாமுக்கு உலக சுகாதார நிறுவனத்திலிருந்தும் எண் எடுத்தால் இந்தியா சற்று உயர்ந்து தெரியும்.

அமெரிக்காவின் கதை இதைவிடத் துலக்கமானது. 2010இல் வந்த ஒபாமாவின் சட்டம், 2014 முதல் ஒவ்வொருவரும் மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்றது. ‘அரசும் கட்டாயக் காப்பீடும்’ என்ற தலைப்பில் எண் தரும் ஓஇசிடி, அதன் பிறகு அமெரிக்கர்களின் தனியார் காப்பீட்டையும் கட்டாயக் காப்பீடாக வகைப்படுத்தியது. ஏறத்தாழப் பாதியாக இருந்த பங்கு, புதிய வரிசையில் 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அரசு தன் பையிலிருந்து அந்த அளவுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடவில்லை, வகைப்பாடுதான் மாறியது. அந்தத் தலைப்பைப் படிக்காமல் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர், அமெரிக்கா ஒரே இரவில், அரசே மருத்துவம் தரும் பிரிட்டனாக மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

அமெரிக்கா 17 விழுக்காடு செலவிடுகிறது என்கிறார்கள். அது அரசின் செலவா?

இல்லை, அது அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் மக்களும் சேர்ந்து செய்யும் மொத்தச் செலவு. 2023இல் அது 17.6 விழுக்காடு. அதில் மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகளின் பங்கு ஏறத்தாழப் பாதி. அதாவது நாட்டு வருமானத்தில் 8 விழுக்காட்டுக்கு மேல். இந்த அளவு, அனைவருக்கும் அரசே மருத்துவம் தரும் பல ஐரோப்பிய நாடுகளின் பொதுச் செலவுக்கு இணையானது. அப்படியிருந்தும் கோடிக்கணக்கானோர் காப்பீடின்றி இருக்கிறார்கள். 2023இல் அங்கே பிறக்கும் குழந்தையின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 78.4 ஆண்டுகள், ஜப்பானில் அது 84ஐ ஒட்டியது. முக்கியமான காரணம் விலை. முதியோருக்கான மெடிக்கேர் திட்டம் மருந்து நிறுவனங்களோடு விலை பேசுவதற்குச் சட்டமே 2022இல்தான் இடம் கொடுத்தது.

வகுக்கும் எண்ணான நாட்டு வருமானமே மாறிவிட்டால் என்ன ஆகும்?

பள்ளிக் கணக்கில் பின்னத்துக்கு மேலே தொகுதி, கீழே பகுதி என்று இரண்டு உண்டு. விவாதம் முழுவதும் தொகுதியைப் பற்றியே நடக்கிறது. பகுதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நைஜீரியா 2014இல் தன் நாட்டு வருமானக் கணக்கின் அடிப்படை ஆண்டை 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. செல்பேசி, திரைத்துறை எனப் பழைய கணக்கில் சரியாக இடம்பெறாத தொழில்கள் உள்ளே வந்தன; 2013ஆம் ஆண்டுக்கான பொருளாதாரத்தின் அளவு 89 விழுக்காடு பெரிதாகியது. முதல் நாள் 1 விழுக்காடாக இருந்த எந்தச் செலவும் மறுநாள் 0.53 விழுக்காடாகிவிடும். ஒரு மருத்துவமனையும் மூடப்படவில்லை, ஒரு மருத்துவரும் நீக்கப்படவில்லை.

அயர்லாந்தில் 2015இல் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 26 விழுக்காடு வளர்ந்ததாகக் கணக்கு காட்டியது. பன்னாட்டு நிறுவனங்கள் தம் அறிவுசார் சொத்துகளை வரிக்காக அங்கே மாற்றிப் பதிந்ததே பெரும்பகுதிக் காரணம். அந்தப் பணத்தில் பெரும்பாலானது அயர்லாந்து மக்கள் தொடக்கூடிய பணமில்லை. அதனால் அந்நாட்டின் மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் 2017இல் ‘திருத்திய தேசிய வருமானம்’ என்ற தனி அளவையையே உருவாக்கியது. வழக்கமான கணக்கில் 6, 7 விழுக்காடாகத் தெரியும் அயர்லாந்தின் மருத்துவச் செலவு, அந்த அளவையால் வகுத்தால் 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

வீழ்ச்சிக் காலத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும். வருமானம் சுருங்கும்போது செலவு அப்படியே இருந்தாலும் விழுக்காடு ஏறும். எனவே 2020ஆம் ஆண்டின் எண்ணைத் தனியாக எடுத்து எந்த நாட்டையும் புகழவோ பழிக்கவோ கூடாது. அந்த ஆண்டு தொற்றினால் தொகுதி பெருத்தது, முடக்கத்தினால் பகுதி சிறுத்தது.

இலங்கை 2 விழுக்காட்டை ஒட்டியே செலவிட்டு நல்ல பலன் கண்டிருக்கிறதே. அப்படியென்றால் அதிகம் செலவிட வேண்டியதில்லை என்று ஆகாதா?

இந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். கேட்பவர்களில் சிலர் உண்மையான ஆர்வத்தோடும், சிலர் செலவைக் குறைக்க ஒரு சாக்குக் கிடைத்த மகிழ்ச்சியோடும் கேட்கிறார்கள்.

இலங்கையின் சாதனை உண்மையானது. அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் முதலாண்டுக்குள் இறப்பவை ஆறேழு. இந்தியாவில் 2020இல் அது 28. ஆனால் அந்தப் பலன் இந்த ஆண்டின் 2 விழுக்காட்டால் வந்ததில்லை. களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது 1926இல். 1931இல் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. அதன் பிறகு ஊருக்கு ஆஸ்பத்திரி கேட்காத சட்டசபை உறுப்பினர் இல்லை. 1934-35இல் மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன பிறகு, கிராமப்புற மருத்துவ அமைப்பு மேலும் விரிந்தது. பெண்கல்வி, இலவச மருத்துவம், வீடு வீடாகச் செல்லும் பொதுச் சுகாதார மருத்துவமாதர் (பேறுகாலப் பணியாளர்) என மூன்று தலைமுறைகள் போட்ட முதலின் வட்டிதான் இன்று தெரிகிறது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தபோது, அதற்கான வேலை தொடங்கி எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த 2 விழுக்காட்டின் நெருக்கடியும் அங்கேயே தெரிகிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் அரசு மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள். ஆனால் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மாலையில் தனியார் மருத்துவரிடம் காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் ஏராளம். நீரிழிவும் புற்றுநோயும் பெருகும் நாட்டில், பேறுகாலத்துக்கும் தொற்றுநோய்க்கும் கட்டிய அமைப்பு அதே பணத்தில் தாங்காது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் அந்த நாட்டில் அறுவைச் சிகிச்சைகளையே தள்ளிப்போட நேர்ந்தது. இந்த விழுக்காட்டைப் பார்த்து அந்தத் துயரத்தை யாரும் அறிந்திருக்க முடியாது.

தாய்லாந்தை ஏன் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்?

பணக்கார நாடாகும் வரை காத்திருக்காததனால். 2002இல் மக்களின் மருத்துவச் செலவை அரசே ஏற்கும் ‘30 பாட் திட்டம்’ (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) நாடு முழுவதும் வந்தபோது, தாய்லாந்தின் தலைவருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான். அரசு ஊழியர் திட்டத்திலோ தொழிலாளர் காப்பீட்டிலோ இல்லாத எல்லோரையும், மக்கள்தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கினரை, அந்தத் திட்டம் ஏற்றுக்கொண்டது. மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுத்த பங்கு மூன்றில் ஒன்றாக இருந்தது. அது பத்தில் ஒன்றை ஒட்டி இறங்கியது. கொரோனாவுக்கு முன் இதற்கு அரசு கொடுத்தது நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு. 1972 முதலே புதிய மருத்துவர்கள் சில ஆண்டுகள் கிராமத்தில் பணியாற்ற வேண்டும் என்ற விதியும், மாவட்ட மருத்துவமனைகளும் முன்கூட்டியே இருந்ததால்தான் பணம் வந்தபோது அதைச் செலவிட ஆளும் இடமும் இருந்தன.

முதியோர் அதிகமுள்ள நாட்டையும் இளைஞர் அதிகமுள்ள நாட்டையும் ஒப்பிடலாமா?

கவனத்தோடு ஒப்பிடலாம். ஜப்பானில் 65 வயதைக் கடந்தோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காடு. அங்கே செலவு கூடுவது இயல்பு. ஆனால் இந்தியாவின் இளமை, தாய்சேய் நலத்தையும் தொற்றுநோயையும் கவனிக்க வேண்டிய தேவையை நீக்கிவிடவில்லை.

ஒரு நாடு எத்தனை விழுக்காடு செலவிட வேண்டும் என்று விதி ஏதாவது உண்டா?

எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் விதி இல்லை. 2001 ஏப்ரலில் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் அரசின் மொத்தச் செலவில் 15 விழுக்காட்டை மருத்துவத்துக்கு ஒதுக்குவதாக உறுதி எடுத்தார்கள். 2014இல் அமெரிக்கக் கண்டங்களின் சுகாதார அமைப்பு நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு என்ற குறியை வைத்தது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வுக் கொள்கை, 2025க்குள் 2.5 விழுக்காடு என்றது.

அபுஜாவின் 15ஐயும் இந்தியாவின் 2.5ஐயும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது. முன்னது அரசுச் செலவின் பங்கு, பின்னது நாட்டு வருமானத்தின் பங்கு. இரண்டையும் இணைப்பது ஒரு பெருக்கல். அரசு நாட்டு வருமானத்தில் எத்தனை பங்கைச் செலவிடுகிறது என்பதையும், அதில் மருத்துவத்துக்கு எத்தனை பங்கு போகிறது என்பதையும் பெருக்கினால் நாம் தேடும் விழுக்காடு வரும். இந்தியாவில் 2021-22இல் அரசுகளின் மொத்தச் செலவில் மருத்துவத்தின் பங்கு 6.12 விழுக்காடு. வரி வருவாய் குறைவு என்பது நம் நிலைக்கு ஒரு பாதிக் காரணம். கையில் இருப்பதிலும் மருத்துவம் பின்வரிசையில் நிற்கிறது என்பது மறுபாதி.

இந்தியாவின் 1.84 விழுக்காட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

2024 செப்டம்பரில் வெளிவந்த தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2021-22இல் மொத்த மருத்துவச் செலவு நாட்டு வருமானத்தில் 3.83 விழுக்காடு, அதில் அரசின் செலவு 1.84 விழுக்காடு. 2013-14இல் அரசின் செலவு 1.15ஆக இருந்தது. இது உயர்வுதான், அதை மறுக்கக் கூடாது. ஆனால் 2021-22 கொரோனாவின் இரண்டாம் அலையும் தடுப்பூசியும் கண்ட ஆண்டு. 2019-20இல் எண் 1.35 மட்டுமே.

தலைக்கணக்கில் அரசு ஆண்டுக்குச் செலவிட்டது 3,169 ரூபாய். ஒரு நாளைக்கு 8 ரூபாய் 70 காசு. தெருமுனைக் கடையில் ஒரு தேநீருக்கே இது போதாது. இந்தத் தொகைக்குள்தான் தடுப்பூசி, பேறுகாலம், காசநோய் மருந்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஆம்புலன்ஸ் எல்லாம் நடக்க வேண்டும். 2.5 விழுக்காடு என்ற இலக்கு அன்றே எட்டப்பட்டிருந்தால் இது நாளைக்கு 12 ரூபாயை ஒட்டியிருக்கும்.

மக்களின் கைச்செலவு 2013-14இல் மொத்தத்தில் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22இல் 39.4ஆகக் குறைந்திருக்கிறது என்பதும் அதே கணக்கில் உள்ள செய்தி. மகிழ வேண்டிய திசைதான். ஆயினும் வீடுகளின் செலவை நேரில் கேட்டறிந்த தேசிய மாதிரி ஆய்வு 2017-18இல் நடந்தது. பின்னாண்டுகளின் எண்கள் அதிலிருந்து நீட்டிக் கணக்கிடப்பட்டவை. 39.4 என்பதை ஒரு மதிப்பீடாகவே எடுத்துக்கொள்கிறேன். அது 15, 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால்தான் நோயினால் குடும்பங்கள் கடனில் விழுவது அரிதாகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு அறிக்கையின் கருத்து.

நாட்டுக்கு ஓர் எண் சொன்னால் மாநிலங்களுக்கிடையேயான வேறுபாடு மறைந்துவிடாதா?

மறைந்துவிடும். அரசியலமைப்பின்படி மருத்துவம் மாநிலங்களின் பட்டியலில் உள்ளது. அரசுச் செலவில் பெரும்பகுதியை மாநிலங்களே செய்கின்றன. 2020இல் இந்தியாவின் குழந்தை இறப்பு விகிதம் 28 என்றேன். அதே ஆண்டு தமிழ்நாட்டில் அது 13.

ஒரே ரூபாய் எல்லா இடத்திலும் ஒரே அளவு மருந்தை வாங்குவதும் இல்லை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்குமான மருந்தை ஒரே ஒப்பந்தப் புள்ளியில் மொத்தமாக வாங்குகிறது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு புத்தகம் கொடுத்து, அதன் வரம்புக்குள் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சில்லறை விலையில் சிதறி வாங்கும் இன்னோர் அரசு அதே மருந்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கும். அதன் விழுக்காடும் உயர்ந்து தெரியும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் கழகங்கள் அமைத்தன. சிக்கனம் என்ற சொல்லுக்கு இதுவே சரியான பொருள் என்பேன். செவிலியர் பணியிடத்தை நிரப்பாமல் விட்டு மிச்சம் பிடிப்பதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

கட்டுரைக்கோ மேடைப்பேச்சுக்கோ இரண்டு நாடுகளை ஒப்பிட வேண்டும். எந்த எண்ணை எடுப்பது?

இரண்டு நாடுகளின் எண்களையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் உலகச் செலவுத் தரவுத்தொகுப்பில் ஏறத்தாழ 190 நாடுகளின் எண்கள், 2000ஆம் ஆண்டு முதல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘உள்நாட்டு அரசுச் செலவு, நாட்டு வருமானத்தின் விழுக்காடாக’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். ஓராண்டை எடுக்காமல் ஐந்தாறு ஆண்டுகளின் போக்கை எடுங்கள். 2020, 2021 ஆகிய இரண்டையும் தனியே குறித்துக்காட்டுங்கள். அதற்குப் பக்கத்திலேயே மக்களின் கைச்செலவு மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்ற வரியையும் கட்டாயம் போடுங்கள். அரசு 3 விழுக்காடு கொடுக்கும் தாய்லாந்தில் நோயாளி தன் கையிலிருந்து எடுப்பது பத்தில் ஒரு பங்கு, 2021-22இல் 1.84 விழுக்காடு கொடுத்த இந்தியாவில் அது பத்தில் நான்கு பங்கு என்பதை அந்த இரண்டாவது வரிதான் படிப்பவருக்குக் காட்டும்.